ஆங்கில வகுப்பில் பன்முக வாசிப்பு: பாடத்தேர்வும் ஆசிரியர் வளர்ச்சியும்

1. முன்னுரை

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஆசிரியர் எத்தகைய பாடங்களை வகுப்பில் படிப்பிக்கவேண்டும் என்னும் வினா, இந்தியாவில் ஆங்கிலக் கல்வி தொடங்கிய காலம் முதலே எழுப்பப்பட்டு வருகிறது. அதற்குரிய விடை காலந்தோறும் மாறியுள்ளது. இலக்கியச் சிறப்பு, ஒழுக்கப் பயன், சொல்லெளிமை ஆகியன ஒவ்வொரு காலத்தில் தேர்வுக்கு அளவுகோலாக அமைந்தன. கடந்த சில பத்தாண்டுகளில் பன்முகத்தன்மை என்னும் அளவுகோலும் அவற்றோடு சேர்ந்துள்ளது. பல நாட்டார், பல இனத்தார், ஆடவர், மகளிர், ஒடுக்கப்பட்டோர் ஆகிய அனைவருடைய குரல்களும் பாடநூலில் ஒலிக்கவேண்டும் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்தாகும்.

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 2007ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்கென வெளியிட்ட 'விஸ்டாஸ்' என்னும் ஆங்கிலத் துணைப்பாட நூலை இக்கட்டுரை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள பன்முகத்தன்மை எத்தகையது என்பதை ஆராய்கிறது. குறிப்பாக, தமிழிலிருந்து மொழிபெயர்ப்பாக அந்நூலுக்குச் சென்ற பகுதிகளில் கவனம் செலுத்துகிறது. நூலின் தேர்வு பாராட்டத்தக்கது. ஆயினும், பாடங்கள் எம்மொழியிலிருந்து எவ்வாறு ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தன என்பதை நூல் போதிய அளவு கவனிக்கவில்லை. அக்கவனத்தை வகுப்புக்குக் கொண்டுவருவது ஆசிரியரின் பணியாகிறது. அப்பணியில் ஆசிரியர் எவ்வளவு தேர்ச்சி பெறுகிறார் என்பதைக் கொண்டே அவருடைய வளர்ச்சியை மதிப்பிடவேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

2. தேர்வுக்குரிய அளவுகோல்கள்

வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், இருமொழியம் பற்றிய தம் நூலை 1926இல் வெளியிட்டார். வங்காள மாணவனுக்கு முதலில் வேண்டியது ஆங்கிலத்தைப் படித்தறியும் திறனே என்று கருதிய அவர், சொற்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திய வாசிப்பு நூல்களை உருவாக்கினார். இந்தியப் பாடநூல் மரபில் இக்கொள்கையின் தாக்கம் பெரிது. இம்மரபில் ஒரு பாடம் கடினமானது என்றால், அதன் சொற்கள் கடினமானவை என்றே பொருள். பாடத்தில் வரும் வாழ்க்கை மாணவனுக்கு அயலானதா அன்றா என்பது தனி வினாவாக எழவில்லை.

அவ்வினா அமெரிக்காவில் வேறொரு சூழலில் எழுந்தது. 1962 முதல் 1964 வரை அந்நாட்டில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்த நான்சி லேரிக், அவற்றுள் 349 நூல்களில் மட்டுமே, அதாவது 6.7 விழுக்காட்டில் மட்டுமே, கறுப்பின மாந்தர் ஒருவரேனும் இடம்பெற்றனர் என 1965இல் எடுத்துக்காட்டினார். கால் நூற்றாண்டுக்குப் பின், 1990இல், ரூடின் சிம்ஸ் பிஷப் தம் புகழ்பெற்ற உருவகத்தை முன்வைத்தார். நூல் என்பது பிறர் வாழ்வைக் காட்டும் சாளரம். உள்ளே நுழைய இடந்தரும் கண்ணாடிக் கதவு. தன்னையே காட்டும் முகக்கண்ணாடி. சில குழந்தைகளுக்குச் சாளரங்கள் மட்டுமே கிடைக்கின்றன என்பதும், வேறு சிலருக்கு முகக்கண்ணாடிகள் மட்டுமே கிடைக்கின்றன என்பதும் அவர் சுட்டிய குறைகள்.

இவ்வுருவகம் ஆசிரியர் பயிற்சியில் பரவலாக இடம்பெற்றுவிட்டது. ஆனால் அதன் அடியில் ஓர் எடுகோள் உள்ளது. குழந்தையின் வாழ்க்கையும் அதைக் காட்டும் நூலும் பெரும்பாலும் ஒரே மொழியில் இயங்குகின்றன என்பதே அது. லேரிக்கும் பிஷப்பும் எண்ணிப்பார்த்த வாசகர் ஆங்கிலச் சூழலில் வாழ்பவர். இந்திய மாணவரின் நிலை வேறு. தமிழகச் சிற்றூரைப் பற்றிய பாடத்தை ஆங்கிலத்தில் படிக்கும் தமிழ் மாணவி, தான் அறிந்த தெருவைத் தான் அறியாத சொற்களில் காண்கிறாள். அப்பாடம் அவளுக்கு முகக்கண்ணாடியா, சாளரமா? வாழ்க்கையால் அது முன்னது, மொழியால் பின்னது. இந்த இருநிலையை விளக்க அவ்வுருவகம் மட்டும் போதாது.

3. மூவகைப் பாடங்கள்

'விஸ்டாஸ்' முதற்பதிப்பில் எட்டு அலகுகள் உள்ளன. ஜாக் ஃபின்னி, ஜான் அப்டைக், பேர்ல் பக் ஆகிய அமெரிக்கர், சூசன் ஹில், கோலின் டெக்ஸ்டர் ஆகிய ஆங்கிலேயர், சென்னையில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதும் திஷானி தோஷி, தமிழின் கல்கி, ஒரே அலகில் இணைத்து வைக்கப்பட்ட ஸிட்கலா-ஸா, பாமா. பொருளடக்கத்தை மட்டும் காண்பவர் இதைப் பன்முகத் தொகுப்பு என்று கூறத் தயங்கமாட்டார். லேரிக் செய்ததைப்போல் எண்ணிக் கணக்கிட்டாலும் நூல் தேறிவிடும்.

எனினும் மொழி நோக்கில் இப்பாடங்களை மூன்று வகையாகப் பிரிக்கவேண்டியுள்ளது.

(அ) ஒரு சமூகத்தைப் பற்றி அச்சமூகத்தைச் சாராத ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியவை. ஜப்பானிய மருத்துவர் ஒருவரை மையமாகக் கொண்ட பேர்ல் பக்கின் கதை இவ்வகையினது.

(ஆ) ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் தம் அனுபவத்தை நேரே ஆங்கிலத்தில் எழுதியவை. ஸிட்கலா-ஸாவின் பகுதி இதற்குச் சான்று.

(இ) வேறொரு மொழியில் எழுதப்பட்டு ஆங்கிலத்துக்கு வந்தவை. கல்கியின் கதையும் பாமாவின் பகுதியும் இதிலடங்கும்.

மூன்று வகையிலும் ஆங்கிலம் ஆற்றும் பணி வேறுவேறு. முதல் வகையில் ஜப்பானிய உரையாடலை ஆங்கிலம் கற்பனை செய்கிறது. இரண்டாவதில், எழுத்தாளரை வருத்திய மொழியே அவருக்குக் கருவியாகவும் ஆகிறது. மூன்றாவதில் அது இன்னொரு மொழிக்குப் பதிலாக நிற்கிறது. வகுப்பறையில் இவை அனைத்தும் 'ஆங்கிலப் பாடம்' என்னும் ஒரே பெயரால் ஒரே முறையில் நடத்தப்படுகின்றன. அருஞ்சொற்பொருள், கதைச்சுருக்கம், கருப்பொருள், நீதி என்னும் வரிசை மூன்றுக்கும் மாறுவதில்லை.

4. மொழிபெயர்ப்பில் நின்றவையும் மறைந்தவையும்

கல்கியின் புலி மன்னன் கதை ஓர் எள்ளற் கதை. புலியால் இறப்பு நேரும் என்று சோதிடர் கூற, நூறு புலிகளைக் கொல்லப் புறப்படுகிறான் மன்னன். நூறாவது புலி அவன் குண்டுக்குத் தப்பிவிடுகிறது. வேட்டைக்காரர்கள் அதை அவனறியாமல் சுட்டுவிடுகின்றனர். பின்னர், மகனுக்கு வாங்கிய மரப் பொம்மைப் புலியின் சிராய் குத்தியே அவன் இறக்கிறான். கதைத் தொடக்கத்தில் அவனுடைய விருதுப் பெயர்கள் நீண்ட வரிசையாக அடுக்கப்படுகின்றன. வடமொழித் தொடர்களும் பாரசீக வழிவந்த பட்டங்களும் ஆங்கிலப் பட்டச் சுருக்கங்களைப் பகடி செய்யும் எழுத்துகளும் அவ்வரிசையில் கலந்து கிடக்கின்றன.

அவற்றுள் 'சத வியாக்ர சம்ஹாரி' என்பது ஒன்று. மேலைநாட்டு வாசகருக்கு இது பொருளற்ற ஒலித்தொடர். தமிழ், இந்தி, வங்காளம், கன்னடம் ஆகியவற்றுள் ஒன்றை அறிந்த மாணவர் சிறிது முயன்றால் இதைப் பிரித்துவிடலாம்: நூறு, புலி, அழித்தவன். பிரித்த அளவிலேயே கதையின் முரண் முதற்பக்கத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. நூறாவதைக் கொல்லாதவனுக்கு நூறைக் கொன்றவன் என்று பட்டம்! ஆங்கில அகராதி உதவாத இடத்தில் மாணவரின் தாய்மொழி உதவுகிறது. இத்தொடரை 'கடினமான பெயர்' என்று தாண்டிச்செல்லும் ஆசிரியர், தம் மாணவர் ஆங்கிலேயரைக் காட்டிலும் நன்றாகப் படிக்கக்கூடிய ஓர் இடத்தை இழந்துவிடுகிறார்.

பாமாவின் பகுதி இன்னும் நுட்பமானது. 1992இல் தமிழில் வந்த 'கருக்கு', லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பாக 2000ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பள்ளிவிட்டு வீடு திரும்பும் சிறுமி, தெருவின் காட்சிகளில் தன்னை மறந்து நடக்கிறாள். ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி பண்ணையாரிடம் கொண்டுசெல்வதைக் கண்டு சிரிக்கிறாள். அது வேடிக்கையன்று, தீண்டாமை என்று அவளுடைய அண்ணன் விளக்குகிறான். தனக்கு நேர்ந்த ஒன்றையும் கூறுகிறான். நூலகத்திலிருந்து திரும்பும் வழியில் பண்ணையாரின் ஆள் ஒருவன் அவனிடம் பெயர் கேட்கிறான். அடுத்து, எந்தத் தெரு என்று கேட்கிறான். தெருவை அறிந்தால் சாதியை அறியலாம்.

இந்நிகழ்ச்சியின் ஆங்கில வடிவத்தில் விளிச்சொற்கள் கருதத்தக்கவை. பெயர் கேட்கும்போது அந்த ஆள் 'அப்பா' என்கிறான். தெருவைக் கேட்கும்போது 'தம்பி' என்கிறான். மொழிபெயர்ப்பாளர் இவ்விரு சொற்களையும் ஆங்கிலப்படுத்தாமல் விட்டுள்ளார். இம்முடிவு சரியானதே. தமிழ்ப் பேச்சில் சொல்லின் ஈற்றில் ஒட்டிவரும் 'ப்பா' தந்தையைக் குறிப்பதன்று. கேட்போனோடு நெருக்கத்தையோ இணக்கத்தையோ காட்டும் இடைச்சொல் போன்றது. ஆங்கில எழுத்தில் அது தனிச்சொல்லாக நிற்கும்போது, தமிழறியா மாணவர் ஓர் இளைஞனை ஏன் தந்தை என்று அழைக்கவேண்டும் எனத் திகைப்பார். 'தம்பி' என்பதும் அவ்வாறே. அறிமுகமில்லா இளைஞனை உறவுமுறையில் அழைப்பது தமிழ் வழக்கு. அதில் பரிவும் உண்டு. அழைப்பவன் மூத்தவன் என்னும் உரிமையும் உண்டு.

இவ்விடத்தில் தமிழின் இலக்கண அமைப்பு கூர்மையாகச் செயற்படுகிறது. தமிழில் முன்னிலையாரிடம் பேசுவோர் 'நீ', 'நீங்கள்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தேயாகவேண்டும். வினைமுற்றும் அதற்கேற்ப மாறும். ஒருவனை யாரென்று அறியாத நிலையில் எந்த வடிவத்தைப் பயன்படுத்துவது என்பது பேசுவோனுக்கு இடர்ப்பாடு. உறவுப்பெயர் அவ்விடர்ப்பாட்டைத் தற்காலிகமாகத் தீர்க்கிறது. சாதி தெரியும்வரை 'தம்பி' என்பது காக்கும் மரியாதை, தெரிந்தபின் நிலைக்குமா என்பதே அந்தக் கேள்வியில் உறையும் அச்சுறுத்தல். ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைப் பெயர் இந்தப் பதற்றத்தைச் சுமக்க இயலாது. எஞ்சியிருக்கும் இரு விளிச்சொற்களே அதைச் சுமக்கின்றன. அவற்றை விளக்காமல் விட்டால், பாடத்தின் உயிர்நாடி வகுப்பில் கேட்காமலே போகும்.

மறைந்தவையும் உள. 'கருக்கு' தமிழ்ப் படைப்புலகில் கவனம் பெற்றதற்கு அதன் பொருள் மட்டும் காரணமன்று. எழுத்து வழக்கை ஒதுக்கி, ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சு வழக்கிலேயே கதை கூறும் துணிவும் காரணம். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் தெளிவாகப் பிரிந்து நிற்கும் இரட்டை வழக்கு மொழியில் இது ஓர் இலக்கிய முடிவு, சமூக முடிவும்கூட. இதற்கு இணையான பிளவு ஆங்கிலத்தில் இவ்வடிவில் இல்லாமையால், மொழிபெயர்ப்பு எளிய பொது ஆங்கிலத்தில் அமைந்துள்ளது. ஹோம்ஸ்ட்ராம் தம் முன்னுரையில் பாமாவின் மொழிநடை பற்றிப் பேசியுள்ளார். பாடநூலுக்குப் பகுதியை எடுத்தபோது அம்முன்னுரை பின்தங்கிவிட்டது. இதனால் பாடநூலுக்கு வந்தது ஒடுக்கப்பட்டவரின் அனுபவம்; வராமல் நின்றது அவருடைய மொழி.

பாடநூலின் முன்குறிப்பு 'கருக்கு' என்பதைப் பனையோலை என்று விளக்குகிறது. இருபுறமும் வாள்போல் அரம் உடையது ஓலையன்று, மட்டை. அம்மட்டையின் கூரிய விளிம்பே கருக்கு. பனை வளரும் பகுதியிலிருந்து வரும் மாணவர் எவரும் இத்திருத்தத்தைச் சொல்லிவிடுவர். அத்தகைய மாணவர் பேச இடம் கொடுப்பதும் பன்முக வாசிப்பின் ஒரு கூறே.

5. ஆங்கிலத்தையே வினாவுக்கு உட்படுத்தும் பாடம்

ஸிட்கலா-ஸா (1876–1938) யாங்க்டன் டகோட்டா இனத்தவர். எட்டு வயதில் தாயைப் பிரிந்து, இந்தியானா மாநிலத்து வாபாஷ் நகரிலிருந்த உறைவிடப் பள்ளிக்குச் சென்றார். அப்பள்ளி அனுபவங்களை 1900ஆம் ஆண்டில் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் எழுதினார். பாடநூலில் இடம்பெற்ற பகுதி, பள்ளியின் முதல் நாளில் அவருடைய நீண்ட கூந்தல் வலிந்து வெட்டப்பட்டதைக் கூறுகிறது. அவர் இனத்தில் துக்கம் காப்போர் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொள்வர். கோழைகளின் கூந்தலும் கத்தரிக்கப்படும். எனவே அச்செயல் அச்சிறுமிக்கு வெறும் முடிவெட்டு அன்று.

இப்பகுதியில் ஆங்கிலமே ஒரு பாத்திரம் எனலாம். உணவறையில் மணியொலியின் பொருள் தெரியாமல் அச்சிறுமி தவறான நேரத்தில் அமர்ந்து நாணுகிறாள். சிறிதளவு ஆங்கிலம் அறிந்த தோழி ஜூடவின், கூந்தலை வெட்டப்போகிறார்கள் என்பதை ஒட்டுக்கேட்டு எச்சரிக்கிறாள். ஆங்கிலம் அறிந்தவளுக்கு முன்னறிவு கிடைக்கிறது. ஆங்கிலம் அறியாதவள் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறாள். பிற்காலத்தில் அவளே இதனை உலகுக்கு உரைத்ததும் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பில் இப்பாடத்தை நடத்துவோர் இம்முரணைக் கண்டுகொள்ளாமல் இருத்தல் தகாது. ஆங்கிலம் அறியாமையால் நாணுவது இந்திய மாணவர் பலர் நன்கறிந்த நிலையாகும்.

சொல்லளவிலும் ஒரு சிக்கல் உண்டு. 'இந்தியச் சிறுமி' என்னும் தொடரை ஸிட்கலா-ஸா தம்மைக் குறிக்க ஆள்கிறார். இந்திய மாணவர் அச்சொல்லில் தம்மையே காண்பது இயல்பு. கடல்வழி கண்டோரின் பிழையால் ஒரு மக்கட்கூட்டத்துக்கு நேர்ந்த பெயர் இது என விளக்கும்போது, பெயரிடும் அதிகாரம் பற்றிய உரையாடல் தானே தொடங்கும்.

6. வகுப்பறையில் எழும் இடர்

இவ்விரு பகுதிகளையும் ஒரே அலகில் இணைத்தது தொகுப்பாளரின் துணிவான முடிவு. பாடத்தின் இறுதியிலுள்ள வினாக்கள் இரண்டுக்கும் பொதுவான கரு, எதிர்ப்புணர்வு இளமையில் விதைக்கப்படுதல், இருவர் எதிர்கொண்ட பாகுபாட்டின் தன்மை ஆகியவற்றைக் கேட்கின்றன. இவை தேவையான வினாக்களே. எனினும் இரு பகுதிகளும் ஆங்கிலத்துக்கு வந்த வழி வேறு என்பதை எதுவும் தொடவில்லை. தேர்வு நோக்கில் கற்பிக்கும்போது 'இரண்டும் ஒடுக்குமுறையைக் கூறுகின்றன' என்னும் ஒற்றை வாக்கியத்தில் பாடம் முடிந்துவிடுகிறது.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. பாடத்தை மாணவரின் வாழ்க்கையோடு தொடர்புபடுத்தவேண்டும் என்று ஆசிரியர் பயிற்சி வலியுறுத்துகிறது. நல்லெண்ணம் கொண்ட ஆசிரியர் ஒருவர் பாமாவின் பகுதியை நடத்திவிட்டு, 'உங்களில் யாருக்கேனும் இத்தகைய அனுபவம் உண்டா?' என்று வகுப்பைப் பார்த்துக் கேட்கக்கூடும். முகக்கண்ணாடி உருவகம் இக்கேள்வியை ஊக்குவிக்கிறது. ஆனால் இக்கேள்வியின் உட்பொருளை எண்ணிப் பார்க்கவேண்டும். கலப்பு வகுப்பில் அமர்ந்திருக்கும் ஒடுக்கப்பட்ட மாணவர் விடை கூறினால், தம் சாதியை அனைவர்முன்பும் அறிவித்தவராகிறார். கூறாவிடில் மௌனத்தைச் சுமக்கிறார். பண்ணையாரின் ஆள் கேட்ட 'எந்தத் தெரு?' என்னும் கேள்வியை ஆசிரியர் பரிவோடு மீண்டும் கேட்டுவிடுகிறார். முகக்கண்ணாடி என்று வைக்கப்பட்ட பாடம், ஒரு மாணவரைப் பிறர் உற்றுநோக்கும் சாளரமாகிவிடுகிறது.

இதற்கு அஞ்சிப் பாடத்தைத் தவிர்ப்பது தீர்வாகாது. கவனத்தை மாணவரின் பிறப்பிலிருந்து பனுவலின் மொழிக்குத் திருப்புவதே தீர்வு. பண்ணையாரின் ஆள் கேட்ட இரு கேள்விகளையும் மாணவர் தத்தம் மொழியில் எழுதலாம். இந்தி பேசுவோர் 'தூ', 'தும்', 'ஆப்' என்னும் மூன்றில் எதைத் தேர்வார்? வங்காளம் பேசுவோர் 'துய்', 'துமி', 'ஆப்னி' என்பவற்றுள் எதைத் தேர்வார்? தெரு தெரிந்தபின் அதே ஆள் மூன்றாவதாக ஒரு வாக்கியம் பேசினால் அது எவ்வடிவில் இருக்கும்? இங்கு எவரும் தம்மைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. கதைமாந்தரின் பேச்சைப் பற்றியே பேசுகின்றனர். ஆயினும் சாதி மொழியில் எங்கே உறைகிறது என்பதை வகுப்பு முழுவதும் கண்டுகொள்கிறது; அறிந்தவர் தம் அறிவைத் தம் விருப்பப்படி வெளியிடவும் மறைக்கவும் உரிமை பெறுகிறார். பன்மொழியத்தை வகுப்பறை வளமாகக் கொள்ளவேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு கூறியதற்கு இது பொருத்தமான செயல்வடிவமாகும்.

7. ஆசிரியர் வளர்ச்சி

பெங்களூர்த் திட்டம் எனப்படும் செயல்வழி மொழிக் கற்பித்தல் முயற்சியை 1979 முதல் 1984 வரை நடத்திய என்.எஸ். பிரபு, 1990இல் எழுதிய கட்டுரையொன்றில் சிறந்த கற்பித்தல் முறை எது என்னும் வினாவையே மறுத்தார். கற்றல் எவ்வாறு நிகழ்கிறது என்பது பற்றி ஒவ்வோர் ஆசிரியருக்கும் தம் பட்டறிவால் உருவான ஏற்புணர்வு ஒன்று உண்டு. அது உயிர்ப்போடு மாறிக்கொண்டே இருக்கவேண்டும். அது உறைந்து வெறும் வழக்கமாகிவிடுவதே கற்பித்தலுக்குப் பகை என்பது அவர் கருத்து.

பிரபுவின் கருத்து முறைகளைப் பற்றியது. அதைப் பாடத்தேர்வுக்கும் விரிக்கலாம். தொடக்கநிலை ஆசிரியர் ஒரு பாடத்தைக் கண்டதும், இதில் எத்தனை புதிய சொற்கள் உள்ளன என்று கேட்கிறார். அனுபவம் பெற்றவர், இது யாரைப் பற்றியது என்று கேட்கிறார். இவ்விரண்டாம் கேள்வியோடு பெரும்பாலான பயிற்சித் திட்டங்கள் நின்றுவிடுகின்றன. இது எம்மொழியில் நிகழ்ந்தது, யாருடைய கையால் ஆங்கிலத்துக்கு வந்தது, வரும் வழியில் எதை விட்டது, என் வகுப்பில் அதை மீட்டுத்தரக்கூடியவர் யார் என்பன அடுத்து எழவேண்டிய கேள்விகள். இவற்றைக் கேட்கும் ஆசிரியர் தம் மாணவரிடமும், பக்கத்து வகுப்பின் தாய்மொழி ஆசிரியரிடமும் கற்கவேண்டியவராகிறார். போபாலிலோ குவஹாத்தியிலோ பாமாவை நடத்தும் ஆசிரியருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'அப்பா', 'தம்பி' ஆகிய சொற்கள் ஏன் மொழிபெயர்க்கப்படாமல் நிற்கின்றன என்று ஐயுறும் செவி மட்டும் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளருக்கும் இதில் பங்குண்டு. மொழிபெயர்ப்பின் பகுதிகள் பாடநூலுக்குச் செல்லும்போது விளிச்சொல், முன்னிலை வடிவம், வட்டார வழக்கு ஆகியன பற்றி அரைப்பக்கக் குறிப்பேனும் உடன்செல்ல வேண்டும். பாடநூல் குழுக்கள் அக்குறிப்பைக் கேட்டுப் பெறுவதை வழக்கமாக்கலாம்.

8. முடிவுரை

பன்முகத்தன்மையைப் பொருளடக்கத்தில் அமைப்பது முதற்படி. 'விஸ்டாஸ்' அதை நன்றாகவே செய்தது. சமூகத்தின் வேற்றுமைகள் பெயர்களிலும் கருப்பொருள்களிலும் மட்டுமன்றி, ஒருவரை ஒருவர் அழைக்கும் சொல்லிலும் வினைமுற்றின் விகுதியிலும் உள்ளன. ஆங்கிலத்துக்கு வரும்போது முதலில் உதிர்வனவும் அவையே. அவற்றைத் தேடி எடுக்கும் ஆசிரியரிடம் சாதாரணப் பாடமும் பன்முகப்படும். தேடாதவரிடம் கருக்கும் மழுங்கும்.

அண்ணன் தங்கைக்குக் கூறிய அறிவுரை, படி என்பதே. அவ்வாறு படித்து முன்னேறும் நோக்குடன் ஆங்கில வகுப்புக்கு வந்து அமரும் மாணவரிடம் எந்தத் தெரு என்று இன்னொரு முறை கேட்காமல் பாடம் நடத்தத் தெரிந்துகொள்வது, ஓர் ஆசிரியர் தம் பணிக்காலத்தில் பெறக்கூடிய வளர்ச்சிகளுள் தலையாயது.